விரைவீக்கம் ஒட்டுவியாதியா?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ ஜி.டி.யோ, எதில் வந்தாலும் மதுரா தாண்டியபின் தண்டவாளத்தோரச் சுவர்களைக் கவனியுங்கள். வெள்ளையடித்த சுவரில் ஆளுயர ஹிந்தி எழுத்துக்கள். நம் குழந்தைகள் ஹிந்தி எழுத்துக்கூட்டப் பழகியதும் ரயிலிலிருந்து வாசிக்கிற முதல் வார்த்தைகளில் ஒன்று ‘குப்த் ரோக்’. “அப்படின்னா என்னப்பா?” என்று பிள்ளை கேட்கும். அப்பா உடனே முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பார். இரகசிய நோய் என்று அதற்கு அர்த்தம். சுவரில் எழுதியவன் நோயைக் குணப்படுத்துகிறானோ இல்லையோ, நம்முடைய இரகசியத்தை வைத்துக் கடை நடத்துகிறான்.

வீட்டு வாடகை, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை என்று இந்தப் பக்கத்தில் எழுதி வந்தவன் இம்மாதம் இதை எடுத்துக்கொண்டேனே என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பெண்களும் படிக்கிற பத்திரிகையாயிற்றே என்பார்கள். பெண்களும் படிக்கிறார்கள் என்பதற்காகவேதான் எழுதுகிறேன். காரணம் பின்னால் வருகிறது. நான் டாக்டர் அல்ல. மெட்ரிகுலேஷனோடு நின்றுபோய் ரயில்வேயில் பேரேடு எழுதுகிறவன். டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, புரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேருடைய கதை. இருவரும் சம்மதித்த பிறகே, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

கரோல் பாகில் ஒரு சந்து. மூன்றாவது மாடிக்கு மேல் ஒரு பர்ஸாத்தி. அதில் ஏழு பேர். எல்லாம் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். ஹோட்டல் சமையற்கட்டிலும் தையல் பட்டறையிலும் வேலை. அதில் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவனுக்கு ஒரு பக்கத்து விரை வீங்கி, காய்ச்சலும் கண்டு, காலை அகட்டி வைத்து நடந்தான். ‘சூடு’ என்றார்கள். விளக்கெண்ணெய் தேய்த்தார்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். அதுவரையில் நல்ல பிள்ளைகள்தான். நாலாம் நாள் எவனோ ஒருவன், “இது மேகவெட்டை, எல்லாருக்கும் ஒட்டிக்கும்” என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே தம்பியின் பாயும் பெட்டியும் மாடிப்படிக்கு வந்துவிட்டன. கொடியில் கிடந்த அவன் லுங்கியைக் குச்சியால் எடுத்துப் போட்டார்களாம். விஷயம் ஹோட்டலுக்கும் எட்டியது. மாவு கரைக்கிற கையாயிற்றே என்று முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். வேலையும் போய், படுக்க இடமும் போனவன் எங்கே போவான்? சுவரில் எழுதியிருந்த விலாசத்துக்குத்தான் போனான். நாற்பத்தொரு நாள் மருந்து என்று ஒன்றரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒரு சூரணமும் ஒரு தைலமும் கொடுத்தார்கள். சங்கத்துக்குத் தகவல் வந்தபோது ஐந்து வாரம் ஓடிவிட்டது. விரைப்பை சிவந்து, சீழ் கட்டுகிற நிலை.

இரண்டாமவர் இந்தர்புரியில் இருக்கும் பெரியவர். அறுபத்தைந்து வயது, மேஸ்திரி வேலை பார்த்து ஓய்ந்தவர். பிராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டதால் சில நாள் ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கும் அதே வீக்கம், அதே வலி. பக்கத்து வீட்டார் மருமகளிடம், “மாமனார் துணியைத் தனியாத் தோய், பிள்ளைகளை மடியில உட்காரவிடாதே” என்று ஓதிவிட்டார்கள். பெரியவர் டாக்டரிடம் போகவே மறுத்தார். “இந்த வயசுல எனக்கு இந்தப் பேர் வேணுமா?” என்று அழுதார்.

இரண்டு பேருக்கும் டாக்டர் எழுதிய பெயர் ஒன்றே: எபிடிடிமைட்டிஸ். ஒட்டுமா என்ற கேள்விக்கு இரண்டு பேருக்கும் கிடைத்த பதில் ஒன்றல்ல. நம் ஜனங்களுக்குப் புரியாமல் போவது இந்த இடம்தான்.

ஊரில் விதை என்று சொல்கிற விரையின் பின்பக்கத்தில் நூல்கண்டு மாதிரி சுருண்டு ஒட்டியிருக்கும் ஒரு குழாய்க்கு எபிடிடிமிஸ் என்று பெயர். சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். விரையில் உற்பத்தியாகிற விந்தணு இந்தக் குழாய்க்குள் ஊர்ந்து முற்றித்தான் வெளியே போகிறது. இந்தக் குழாய் புண்பட்டு வீங்குவதுதான் எபிடிடிமைட்டிஸ். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். ஓரிரு நாளில் வலி கூடிக்கொண்டே போகும்; மூத்திரம் போகும்போது எரிச்சல், சிலருக்குக் குறியிலிருந்து சீழ், சிலருக்குக் காய்ச்சல். பாரம் தூக்குகிறவர்களுக்குக் குடல் இறங்குவது வேறு. விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிற ஓதம் வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரால் கூப்பிட்டு ஒரே எண்ணெயைத் தேய்ப்பது நம் பழக்கம்.

வீக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவாது. தாவினால் தாவுவது கிருமி. அதனால் எந்தக் கிருமி என்று தெரியாமல் ஒட்டும் என்பதும் தவறு, ஒட்டாது என்பதும் தவறு.

வாலிப வயதில், முப்பத்தைந்துக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இரண்டு கிருமிகள். ஒன்று கிளமிடியா, மற்றொன்று நம் ஊரில் வெட்டை என்று சொல்லும் கொனோரியா. இவை உடலுறவால் வருபவை, உடலுறவால் போய்ச் சேருபவை. தம்பியின் கதை இதுதான். பெரியவரின் கதை வேறு. மூத்திரம் தேங்கி, குடலில் சாதாரணமாக வாழ்கிற ஈ-கோலை போன்ற கிருமி மூத்திரப் பாதைக்குள் புகுந்து பின்னோக்கி இறங்கியிருக்கிறது. பிராஸ்டேட் வீக்கம், கல்லடைப்பு, குழாய் போட்டது, அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனது என்று காரணங்கள் பல. இது அவருடைய உடம்புக்குள்ளேயே நடந்த விவகாரம். பேரப்பிள்ளைக்கும் ஒட்டாது, மருமகளுக்கும் ஒட்டாது. அந்த வீட்டில் தனி வாளி வைத்தது பெரியவரின் மானத்தைக் கெடுத்ததல்லாமல் வேறு ஒரு பிரயோசனமும் இல்லை.

வயதை வைத்து மட்டும் தீர்மானிக்கவும் முடியாது. ஐம்பது வயதுக்காரருக்கு உடலுறவால் வந்ததும் உண்டு, இருபது வயதுப் பையனுக்கு மூத்திரக் கோளாறால் வந்ததும் உண்டு. ஆணோடு உறவுள்ள ஆண்களுக்குக் குடல் கிருமியே அந்த வழியாக வருவதும் உண்டு. அவர்கள் அதை டாக்டரிடம் ஒளிக்க வேண்டியதில்லை. பெரியவர்களின் சம்மதத்தோடு நடக்கும் அந்த உறவு குற்றமல்ல என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டது. சொன்னால்தான் சரியான மருந்தை எழுதுவார்கள்.

இன்னும் இரண்டு காரணங்களை நம் ஜனங்களுக்கென்றே சொல்ல வேண்டும். ஒன்று காசநோய். நுரையீரலிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ இந்தக் குழாய்க்கு இறங்கி, அதிக வலியில்லாமல் கட்டியாகத் திரண்டு, மாதக்கணக்கில் நிற்கும். காற்றில்லாத அறையில் ஏழு பேர் படுக்கிற நம் வாழ்க்கையில் காசநோய் அயலாள் அல்ல. அங்கேயும், தொடுவதால் விரையிலிருந்து இன்னொருவருக்குப் போகாது. நெஞ்சிலும் காசம் இருந்தால் இருமல் வழியாகப் பரவும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம், ஆளைத் துரத்த வேண்டும் என்பதல்ல.

மற்றொன்று யானைக்கால் புழு. கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. காலை மட்டுமல்ல, ஆண்களுக்கு விரைப்பையையும் அது தாக்கும். அந்தக் காலத்தில் யானைக்கால்காரர் உட்கார்ந்த திண்ணையில் உட்காராமல் சம்பந்தம் பேசாமல் ஒதுக்கினார்கள். கொசுவின் வயிற்றில் அந்தப் புழு வளர்வதை 1877-லேயே சீனாவில் இருந்த பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். ஒதுக்க வேண்டியிருந்தது சாக்கடையை, ஒதுக்கியது மனிதனை.

ஆகவே அந்தப் பர்ஸாத்திப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கக்கூஸ், பாய், வாளி, லுங்கி, ஒரே தட்டுச் சோறு இவற்றால் எபிடிடிமைட்டிஸ் வராது. மாவு கரைத்த கையாலும் வராது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்த பிறகு, தொட்டால் ஒட்டும், பேசினால் ஒட்டும் என்று நாடே ஓடியதைப் பார்த்தோம். அந்த ஓட்டத்தால் கிருமி ஓடவில்லை. பரிசோதனைக்கு வரவேண்டியவர்கள்தான் ஓடி ஒளிந்தார்கள்.

இனி, பெண்களும் படிக்கட்டும் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி ஊரில். பொங்கலுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறான். டாக்டர் மாத்திரை எழுதியதோடு நிற்கவில்லை. “வீக்கம் வருவதற்கு முந்தைய அறுபது நாளில் யாரோடு உறவு இருந்ததோ அவர்களும் பரிசோதனை செய்து மருந்து சாப்பிட வேண்டும். இருவருக்கும் குணமாகும்வரை உறவு கூடாது” என்றார். தம்பி முகம் வெளுத்துப்போயிற்று. “எனக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பிடுங்கண்ணே, ஊருக்குத் தெரியவேண்டாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் யோசித்தேன். அவன் மட்டும் மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும்? அடுத்த லீவுக்குப் போனதும் அதே கிருமி அவனுக்கே திரும்பி வரும். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எந்த அடையாளமும் காட்டாமல் இருந்துவிடும். வலியில்லை, காய்ச்சலில்லை. உள்ளேயே மேலேறி, கருக்குழாயைப் புண்ணாக்கி அடைத்துவிடக் கூடியது. நாலு வருஷம் கழித்துப் பிள்ளை இல்லை என்று மாமியார் பேச ஆரம்பிப்பாள். மலடி என்று பட்டம் கட்டுவார்கள், மரத்தைச் சுற்றச் சொல்வார்கள், இரண்டாம் கல்யாணம் பேசுவார்கள். டெல்லியில் ஒருவன் வெட்கத்துக்குப் பயந்து மறைத்த ஒரு வார்த்தைக்கு விழுப்புரத்தில் ஒருத்தி ஆயுள் முழுக்க வட்டி கட்டுவாள். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இப்படிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று யார் கணக்கெடுத்தது?

கிருமி இருந்ததை வைத்து நடத்தையைத் தீர்ப்புச் சொல்வதும் கூடாது. பலரிடம் இது மாதக்கணக்கில் தெரியாமலே தங்கியிருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று பரிசோதனைச் சீட்டில் எழுதியிருக்காது. அவள்தான் கொடுத்தாள் என்று கத்துகிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன். சீட்டில் இல்லாததை வாயால் எழுதுகிறவர்கள் இவர்கள்.

பெண்ணின் மேல் பழியைப் போட்டுக் கிருமியை ஒழிக்கப் பார்த்தவன் வெள்ளைக்காரன். 1868-ல் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். பாளையங்களைச் சுற்றியிருந்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டவர்களை லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சென்னை ராஜதானியில் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தன. சட்டம் பிடித்தது பெண்களை மட்டும். சிப்பாயைக் கட்டாயமாகச் சோதிக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் அம்மையார் போன்றவர்கள் போராடி, 1888-ல் இங்கேயும் அந்தச் சட்டம் ரத்தானது. சட்டம் போய்விட்டது. ஆணுக்கு இரகசிய வைத்தியம், பெண்ணுக்குப் பகிரங்கப் பழி என்கிற புத்தி மட்டும் நம் வீடுகளில் பத்திரமாக இருக்கிறது.

தம்பியை ஒரு வாரம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தோம். சங்கத்து அக்கா ஒருவர் அந்தப் பெண்ணோடு போனில் பேசினார். அவள் அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. பிறகு தன் அம்மாவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டாள். இதற்கு மேல் அவர்கள் குடும்ப விவகாரம்.

அந்தச் சுவர் விளம்பரக்காரனை விட்டுவிட முடியுமா? நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி அல்ல. நாம் துணி பேரம் பேசுகிற அஜ்மல் கான் ரோடு யார் பெயரில் இருக்கிறது? ஹக்கீம் அஜ்மல் கான் பெயரில். அவர் முயற்சியில் உருவான திப்பியா கல்லூரிக்கு 1916-ல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். 1921-ல் மகாத்மா காந்தி திறந்துவைத்தார். யுனானியும் ஆயுர்வேதமும் முறையாகப் படித்துத் தேறிய வைத்தியர்கள் இன்றும் கரோல் பாகில் அங்கிருந்து வெளிவருகிறார்கள். அந்தக் கல்லூரி இருக்கிற பேட்டையிலேயே, அதன் வாசலைக்கூட மிதிக்காதவன் ‘கான்தானி தவாகானா’ என்று பலகை மாட்டுகிறான் என்பதுதான் என் ஆத்திரம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மருந்துகள் மற்றும் மாயச் சிகிச்சை விளம்பரச் சட்டம் 1954-லேயே வந்தது. பால்வினை நோய், ஓதம், ஆண்மைக் குறைவு எல்லாம் அதன் அட்டவணையில் உள்ளன. இவற்றைக் குணப்படுத்துகிற மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. இது பேச்சுரிமைக்கு விரோதம் என்று டெல்லி ஹம்தர்த் தவாகானாவும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1959 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சில வாசகங்களை மட்டும் நீக்கிவிட்டு, சட்டத்தின் அடிப்படை செல்லும் என்று சொல்லிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் சுவர் அப்படியே இருக்கிறது. இப்போது சுவரோடு கைபேசித் திரையிலும் ஏறிவிட்டது. டிக்கெட் இல்லாத கூலிக்காரனைப் பிடிக்க ஆள் இருக்கிறது. தண்டவாளத்துச் சுவரில் சட்டவிரோதமாக எழுதுகிறவனைப் பிடிக்க ஆள் இல்லை. நான் அந்த ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன்தான், ஆனாலும் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சுவர் நம்மாட்களை ஏன் இழுக்கிறது? அங்கே சாயங்காலமும் கடை திறந்திருக்கிறது. பெயர் கேட்பதில்லை. கூட்டமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் வரிசையில் நின்று சீட்டு எழுத வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. எனக்கும் என் குடும்பத்துக்கும் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதே பிளாட்பாரத்தில் கான்ட்ராக்டில் மூட்டை இறக்குகிற நம் ஆளுக்கு அது இல்லை. தம்பியோடு நான் போன ஓர் ஆஸ்பத்திரியில், சீட்டு எழுதுகிறவர் என்ன கோளாறு என்று சத்தமாகக் கேட்டார். தம்பிக்கு ஹிந்தியில் வார்த்தை வரவில்லை. கையால் காட்டினான். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் முதல் ஐந்து வாரம் போயிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

அதனால் இந்த வார்த்தைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விரைக்கு ‘அண்ட்கோஷ்’. வீக்கத்துக்கு ‘சூஜன்’. வலிக்கு ‘தர்த்’. மூத்திர எரிச்சலுக்கு ‘பேஷாப் மே ஜலன்’. “அண்ட்கோஷ் மே தர்த் அவுர் சூஜன் ஹை” என்றால் போதும், எந்த டாக்டருக்கும் புரியும். உரக்கச் சொல்ல வெட்கமானால் சீட்டை நீட்டுங்கள். சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்களுக்கென்றே மையம் இருக்கிறது. மூத்திரமும் இரத்தமும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். கொடுத்த மாத்திரையை, வலி நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள். வலி போன பிறகும் சில வாரம் கட்டிபோலத் தடிப்பு இருக்கலாம். குறையாமல் நின்றால் மறுபடி காட்ட வேண்டும். வலியே இல்லாமல் விரையில் கட்டி தென்பட்டாலும் காட்ட வேண்டும்; அது புற்றாகவும் இருக்கலாம். இனி வராமலிருக்க 1968 முதல் நாடறிந்த நிரோத் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வெட்கப்படுகிறவர்கள் நாற்பத்தொரு நாள் சூரணத்தை வாங்க வெட்கப்படவில்லையே!

தாய்மார்களுக்கு ஒன்று, இதை மட்டும் மறக்கவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயது வரையுள்ள பையன் திடீரென்று விரை வலிக்கிறது என்று துடித்து வாந்தி எடுத்தால், அது எபிடிடிமைட்டிஸ் என்றோ சூடு என்றோ நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். விரை தன் கயிற்றிலேயே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ‘அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது’ என்று பையன் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். முன்கூட்டியே அவனிடம் சொல்லி வையுங்கள்.

நம் சங்கச் செயற்குழுவிடம் இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறேன். தொழிலாளர்கள் குடியிருக்கிற பகுதிகளில் வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் பால்வினை நோய்ச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று டெல்லி அரசுக்கு மனு எழுதுவது ஒன்று. 1954-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டித் தண்டவாளச் சுவர்களைப் பற்றிப் போலீசுக்கும் ரயில்வே நிர்வாகத்துக்கும் புகார் கொடுப்பது மற்றொன்று. சிலர் சிரித்தார்கள். மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட வெட்கப்படாதவர்கள் வரலாம்.

தம்பி இப்போது வேறொரு ஹோட்டலில் மாவு கரைக்கிறான். பழைய அறைக்குப் போகவில்லை. கூப்பிட்டார்கள், இவன்தான் மாட்டேன் என்றுவிட்டான். இந்தர்புரிப் பெரியவர் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். பிராஸ்டேட்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சங்க அறைக்கு வந்து “நாளைக்குக் கூட வரணும்” என்று மட்டும் சொல்லுங்கள். என்ன வியாதி என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.